ரொமான்டிக் சாலை கோச் டூர்: ஊர்ப் பட்டியலை விடுங்கள், ராத்தங்கலைப் பாருங்கள்

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி ஆல்ப்ஸ் அடிவாரத்து ஃப்யூசனில் முடிகிறது ரொமான்டிக் சாலை. நீளம் ஏறக்குறைய 460 கி.மீ. 1950-ல் சுற்றுலாவுக்கென்றே ஊர் ஊராகக் கோத்த பாதை இது. மதில் சூழ்ந்த ரோத்தன்பர்க், டிங்கல்ஸ்பூல், நோர்ட்லிங்கன், டௌபர் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள், கடைசியில் நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை என்று பார்க்க நிறைய உண்டு. கார் ஓட்டும் உத்தேசம் இல்லாத தம்பதிக்கு நான்கு வழிகள்: தினமும் ஹோட்டல் மாறும் கோச் (சுற்றுலா பஸ்), ஒரே ஊரில் தங்கி நாலாபக்கமும் போய்வரும் கோச், மியூனிக்கிலிருந்து ஒருநாள் கோச், ரயிலும் உள்ளூர் பஸ்ஸும்.

விளம்பரத்தில் நான்கும் ஒரே ஊர்ப்பெயர்களைத்தான் அடுக்கும். வித்தியாசம் அங்கே கிடைக்கும் நேரத்தில் இருக்கிறது. ரோத்தன்பர்க்கில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 4 வரை கோச்சுகள் ஆட்களை இறக்கியபடியே இருக்கும். ப்ளோன்லைன் முக்கில் மஞ்சள் மரச்சட்ட வீட்டைப் படம் எடுக்க ஆள்மேல் ஆள் நிற்பார்கள். மாலையானால் அதே தெரு காலியாகிவிடும். இரவு 8 மணிக்கு, குளிர்காலத்தின் சில மாதங்கள் தவிர, சந்தைச் சதுக்கத்திலிருந்து ஒருவர் பழங்கால இரவுக் காவலர் வேடத்தில், கையில் விளக்கோடு, ஊரை ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டுவார். சாயங்காலமே கோச் ஏறுகிறவருக்கு இது கிடையாது. அதனால் எந்த டூரையும் முதலில் ஒரே கேள்வியால் அளக்கலாம்: மதிலுக்குள் எத்தனை இரவு?

தினம் ஒரு ஹோட்டல்

அதிகம் விற்பது இதுதான். பிராங்க்ஃபர்ட்டில் ஏறி மியூனிக்கில் இறங்கும் 5 முதல் 7 நாள் பயணம், சுமார் 50 இருக்கை வண்டி. போன வழியே திரும்ப வேண்டியதில்லை, பெட்டியை ரயில் படியில் தூக்க வேண்டியதில்லை. முழங்கால் வலியும் பெரிய பெட்டியும் சேர்ந்தால் இந்த வசதி சின்ன விஷயமல்ல.

குறை இரண்டு. முதலாவது, ஏ7 நெடுஞ்சாலை. அது வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து ஃப்யூசன் பக்கம் வரைக்கும் ரொமான்டிக் சாலைக்கு ஏறக்குறைய இணையாக ஓடுகிறது. வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து ரோத்தன்பர்க்குக்கு அதில் போனால் ஒரு மணி நேரம். டௌபர் பள்ளத்தாக்கு வழியாக, வைக்கர்ஸ்ஹைம், கிரெக்ளிங்கன் எல்லாம் தொட்டு வந்தால் அரை நாள் பிடிக்கும். நேரம் நெருக்கும்போது ஓட்டுநர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ‘நாட்டுப்புற அழகு’ என்று காசு கொடுத்துவிட்டு நீங்கள் பார்ப்பது லாரிகளையும் ஒலித்தடுப்புச் சுவரையும். முன்பதிவுக்கு முன் “கிரெக்ளிங்கனில் நிற்குமா?” என்று கேளுங்கள். ஊருக்கு வெளியே உள்ள தேவாலயத்தில் டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய மாதா பலிபீடம் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வண்ணம் பூசாமல் மரத்திலேயே விட்ட வேலை. பதில் ‘ஆம்’ என்றால் அந்த வண்டி கிராமச் சாலையில் போகிறது என்று நம்பலாம்.

இரண்டாவது, ஹோட்டல் இருக்கும் இடம். பழைய ஊரின் வாசல் வளைவுக்குள் கோச் நுழையாது. 25 அறை ஒரே இடத்தில் கிடைப்பதும் மதிலுக்குள் அரிது. ஆகவே குழுவைக் கொண்டுபோய்ப் போடுவது தொழிற்பேட்டை ஓரத்து ஹோட்டலில், அல்லது முப்பது கி.மீ. தள்ளி அன்ஸ்பாக், ஃபொய்ஷ்ட்வாங்கன் மாதிரி ஊர்களில். பயணத் தாளில் ‘ரோத்தன்பர்க் பகுதி’, ‘அல்லது அதற்கு இணையான ஹோட்டல்’ என்று இருந்தால் இதுதான் அர்த்தம்.

சரி, ராத்திரி கோச்சிலேயே ஊருக்கு ஒரு நடை கூட்டிப்போகலாமே என்றால், சட்டம் குறுக்கே நிற்கும். ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. அன்றாட ஓய்வு 11 மணி நேரம்; அதையும் 9 ஆகக் குறைக்க எண்ணிக்கை வரம்பு உண்டு. இரவு 10 மணிக்கு வண்டியை நிறுத்தினால், வழக்கமான ஓய்வோடு, மறுநாள் 9 மணிக்கு முன் எடுக்க முடியாது. காலை 8 மணிக்குக் கிளம்பியாக வேண்டிய டூரில் இரவு 9-க்குள் வண்டி உறங்கிவிடும்.

பகலில் ‘இரண்டு மணி நேர நிறுத்தம்’ என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது பேர் இறங்க 10 நிமிடம், கழிப்பறை வரிசை 15, மதிலுக்கு வெளியே உள்ள கோச் நிறுத்தத்திலிருந்து சதுக்கத்துக்கு நடக்க 10, திரும்ப 10, கிளம்பும் நேரத்துக்கு முன்கூட்டியே வரச்சொல்லும் 10. கையில் மிஞ்சுவது 65 நிமிடம். அதற்குள் சாப்பாடா, புனித யாக்கோபு தேவாலயத்தில் ரீமன்ஷ்னைடரின் இன்னொரு பலிபீடமா என்று முடிவெடுக்க வேண்டும்.

ஒரே ஊரில் தங்கிப் போய்வருவது

ஜெர்மானியரே தங்களுக்கென்று வாங்கும் டூர்களில் இந்த வகை அதிகம். பெட்டியை ஒரு முறை திறந்தால் போதும். தினமும் காலை கோச் வரும், மாலை கொண்டுவந்து விடும். ஒருவருக்கு அசதி என்றால் அன்றைக்கு அவர் ஊரிலேயே இருந்துவிடலாம், மற்றவர் போய்வரலாம். தினம் ஹோட்டல் மாறும் டூரில் இதற்கு வழியே இல்லை. அங்கே உடம்பு முடியாதவரும் மூட்டையோடு ஏறியாக வேண்டும்.

எந்த ஊரில் தங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரோத்தன்பர்க்கிலோ டிங்கல்ஸ்பூலிலோ தங்கினால் வடக்குப் பாதி முழுக்கக் கைக்கெட்டும். ஆனால் அங்கிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் போக ஒரு வழிக்கே 200 கி.மீ.-க்கு மேல், அந்த நாள் ஐந்து மணி நேரமாவது இருக்கையில் போய்விடும். ஃப்யூசனில் தங்கினால் அரண்மனையும் வீஸ் தேவாலயமும் பக்கம், மதில் ஊர்கள் தூரம். வடக்கில் மூன்று இரவு, தெற்கில் இரண்டு இரவு என்று இரண்டு இடமாகப் பிரித்த டூர் கிடைத்தால், எங்கள் கணிப்பில், இந்த நான்கு வழியிலும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. 20, 25 பேர் போகும் சிறு வண்டிகளில்தான் இப்படித் திட்டம் போடுகிறார்கள். விலை கூடத்தான் செய்யும்.

மதிலுக்குள் தங்குவதற்கும் தனித் தொல்லைகள் உண்டு. பழைய மரச்சட்டக் கட்டடங்களில் பலவற்றில் லிப்ட் இருக்காது, ஏசியும் இருக்காது. ஜூலை வெயிலில் மூன்றாம் மாடிக் கூரையறை வேகும். முன்பதிவிலேயே ‘முதல் மாடி’ என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் கணக்கில் தரைத்தளத்துக்கு மேல்தான் முதல் மாடி. இரட்டைக் கட்டில் என்றால் பெரும்பாலும் ஒரே சட்டத்தில் இரண்டு மெத்தை, ஆளுக்கொரு போர்வை. இது தவறுதலாகக் கொடுத்த அறையல்ல, அங்கே வழக்கமே அப்படித்தான். வரவேற்பில் போய்ச் சண்டை போட வேண்டாம்.

நோர்ட்லிங்கனைப் பெரும்பாலான பெரிய கோச்சுகள் தாண்டிப் போய்விடுகின்றன. ஊர் உட்கார்ந்திருப்பது சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான ரீஸ் பள்ளத்தில். குறுக்களவு ஏறக்குறைய 24 கி.மீ. அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் 1970-ல் பாறைகளைப் படிக்க இங்கே வந்திருக்கிறார்கள். ‘டானியல்’ என்று ஊர்க்காரர் கூப்பிடும் 90 மீட்டர் தேவாலயக் கோபுரத்துக்கு 350 படி. ஏறினால் வட்ட மதிலும், அதற்குள் நெருக்கிக்கொண்டு சிவப்புக் கூரைகளும், தூரத்தில் பள்ளத்தின் விளிம்பும் ஒருசேரத் தெரியும். கோபுரத்தின் கல்லே அந்த மோதலில் நொறுங்கியும் உருகியும் இறுகிய பாறைதான். மதில்மேல் கூரை போட்ட நடைபாதையில் ஊரை முழுவட்டம் சுற்ற ஒரு மணி நேரம் போதும். இந்த ஊர் பட்டியலில் இருப்பது டூர் போட்டவருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அடையாளம்.

மியூனிக்கிலிருந்து ஒரு நாள்

ரோத்தன்பர்க்குக்கு இது தோதில்லை. ஒரு வழிக்கு ஏறக்குறைய 250 கி.மீ., நடுவில் ஹார்பர்க் கோட்டை வேறு. பத்து மணி நேரப் பயணத்தில் ஊருக்குக் கிடைப்பது மூன்று மணி நேரத்துக்குள், அதுவும் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது.

நொய்ஷ்வான்ஸ்டைனுக்கோ ஒருநாள் கோச் நல்ல தேர்வு. தூரம் பாதிதான், வழியில் லிண்டர்ஹோஃப் அரண்மனையும் சேரும். ஆனால் ‘நுழைவுச்சீட்டு தனி’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் உள்ளே போகும் நிமிடம் அச்சிட்டிருக்கும், தவறினால் சீட்டு வீண். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கோச் நிற்பது அடிவாரத்து ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமத்தில். அங்கிருந்து ஏற்றம் 30, 40 நிமிட நடை. சிறு பஸ் மேலே மரியன் பாலம் அருகே விடும், அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் இறங்கி நடக்க வேண்டும். குதிரை வண்டியும் வாசல்வரை வராது, கடைசி ஏற்றம் நம் காலில்தான். உள்ளே ஏறி இறங்க 300-க்கு மேல் படிகள், படம் எடுக்கத் தடை, பெரிய பைக்கு அனுமதி இல்லை. சுற்றிக்காட்டுவது அரை மணி நேரம்தான். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-ல் தொடங்கி 1886-ல் இறந்தபோது அரண்மனை அரைகுறையாகத்தான் நின்றது. உள்ளே அறைகள் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பனியும் உறைபனியும் இருக்கும் நாட்களில் பாலத்தை மூடிவிடுவார்கள். அஞ்சலட்டைப் படக் கோணம் அங்கிருந்துதான் என்பதால் பாலத்துக்காகவே போகிறவர்கள் குளிர்காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

ரயிலும் பஸ்ஸும்

செலவு குறைவு, மதிலுக்குள் தங்கும் சுதந்திரம் முழுசாக உங்களுடையது. வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து ஸ்டைனாக்கில் மாறி ரோத்தன்பர்க் போகலாம், ஒரு மணி நேரம் சொச்சம். தேடும்போது ஊரின் முழுப்பெயரான ‘ரோத்தன்பர்க் ஓப் டேர் டௌபர்’ என்று போடுங்கள். நெக்கார் ஆற்றங்கரையில் ரொட்டன்பர்க் என்று வேறொரு ஊர் உண்டு. இருவரும் சேர்ந்து போக பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் சீட்டு) ஒன்றே போதும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. நோர்ட்லிங்கனுக்கு டோனாவொர்த் வழியாக ரயில் இருக்கிறது, ஃப்யூசனுக்கு மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரம். சிக்கல் டிங்கல்ஸ்பூலில். அங்கே பஸ்தான் நம்பிக்கை, அதுவும் சனி ஞாயிறுகளில் மெலிந்துவிடும். டௌபர் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கும் இதே நிலைதான். ஊர்கள் மட்டும் போதுமென்றால் ரயில். வயலும் தோட்டமும் வேண்டுமென்றால் கோச்.

பணம் கட்டுவதற்கு முன்

சேர்ந்து சாப்பிடும் இரவு உணவில் சைவம் என்று மொட்டையாகச் சொன்னால் மீன் வந்து நிற்கலாம். ‘இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு வேண்டாம்’ என்று எழுத்தில் கொடுங்கள். மாவு உருண்டைகளில் பன்றித் துண்டும், மௌல்டாஷன் கொழுக்கட்டையில் கொத்திறைச்சியும் சகஜம். கேஸ்ஷ்பெட்ஸ்லெ என்ற பாலாடைக்கட்டி நூடுல் பெரும்பாலும் காப்பாற்றும். ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். நெடுஞ்சாலைக் கழிப்பறைக்கு 1 யூரோ கேட்டால் கூடவே வரும் சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள், அங்கேயே கடையில் கழித்துக்கொள்ளலாம். செப்டம்பர் பிற்பாதியில் மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கிவிடும். மியூனிக்கில் முடியும் டூர் என்றால் கடைசி இரவு விலை எகிறும்.

ஜெர்மன் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். நிறுவனம் திவாலானால் பணம் திரும்பும் என்பதற்கான உறுதிச் சான்று தராமல் அவர்கள் முன்பணம் கேட்கக் கூடாது. விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நீங்கள் அபராதமின்றி விலகலாம். போதிய ஆள் சேரவில்லை என்று ரத்து செய்யும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், 6 நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்கு 20 நாள் முன்பும், 2 முதல் 6 நாள் பயணத்துக்கு 7 நாள் முன்பும் சொல்லிவிட வேண்டும். ஐந்து நாள் டூருக்கு ஒரு வாரம் முன்பு ரத்து என்று வந்தால் டூர் பணம் திரும்பும், தனியாக வாங்கிய விமானச் சீட்டுக்கு அவர்கள் பொறுப்பல்ல. ஆகவே குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை என்ன, இன்றுவரை எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், டூர் உறுதியாகிவிட்டதா என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகு விமானச் சீட்டைப் போடுங்கள்.