மும்மடங்கா, மணிக்கூலியா? கையால் செய்யும் தோல் பொருளுக்கு விலை வைக்கும் வழிகள்

ஒரு கைக்கடிகார வார், ஓர் ஆண்கள் பர்ஸ், ஒரு தோள்பை என மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் ஆர்டரின் பேரில் செய்பவை. அளவையும் நிறத்தையும் வாங்குபவரே சொல்கிறார். இவற்றுக்கு விலை வைக்கும்போது தனியாகத் தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். மூலப்பொருள் செலவைக் கூட்டி மூன்றால் பெருக்குவது ஒன்று. செலவான மணிநேரத்துக்குக் கூலி போட்டு, அதோடு பொருள் செலவையும் லாபத்தையும் சேர்ப்பது மற்றொன்று. நான் முதல் வழியில் தொடங்கி இரண்டாவதற்கு மாறியவன். ஏன் மாறினேன் என்பதைக் கணக்கே சொல்லும்.

வாருக்குத் தோல், உள்தோல், நூல், பக்கிள் எல்லாம் சேர்த்து 120 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பர்ஸுக்கு 300 ரூபாய். ஜிப், லைனிங், வளையங்கள் உட்படத் தோள்பைக்கு 2,200 ரூபாய். மும்மடங்குக் கணக்கில் வார் 360, பர்ஸ் 900, பை 6,600 ரூபாய் ஆகும். இப்போது நேரத்தைப் பார்ப்போம். கையால் தைக்கும் வாருக்கு மூன்றரை மணி, பர்ஸுக்கு ஐந்து மணி, மெஷினில் தைக்கும் பைக்கு ஒன்பது மணி பிடிக்கிறது. மணிக்கு 200 ரூபாய் போட்டு, பொருள் செலவைக் கூட்டி, மொத்தத்தின் மேல் 15 சதவீத லாபம் வைத்தால் வார் 943, பர்ஸ் 1,495, பை 4,600 ரூபாய் என்று வருகிறது. முதல் கணக்கில் வாருக்கு விழும் 360 ரூபாயில் பொருள் செலவைக் கழித்தால் மூன்றரை மணி வேலைக்கு மிஞ்சுவது 240 ரூபாய்தான். அதிலிருந்துதான் கடை வாடகையும் போக வேண்டும். பை வாங்குபவரோ 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். சிறு பொருளில் செய்பவரும் பெரிய பொருளில் வாங்குபவரும் நஷ்டப்படும் முறை இது. ஆரம்பத்தில் எனக்கு வார் ஆர்டர்கள் குவிந்ததும் பை ஆர்டர்கள் வராமலே போனதும் இதனால்தான் என்பது ஓராண்டு கழித்தே எனக்குப் புரிந்தது.

அந்த 200 ரூபாய் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மணிநேரம் பட்டறையில் இருந்தாலும் கத்தியும் ஊசியும் கையில் இருப்பது ஐந்து மணிநேரம்தான். மீதி நேரம் சென்னையில் தோல் விற்கும் பெரியமேட்டுக்குப் போய்த் தோல் பார்ப்பதிலும், வாங்குபவரோடு பேசுவதிலும், பொட்டலம் கட்டுவதிலும் போய்விடுகிறது. மாதம் 25 நாள் வேலை என்றால் 125 மணிநேரம். அதை 200ஆல் பெருக்கினால் 25,000 ரூபாய். அதில் கால் பங்கு வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானத்துக்கு என்றால் கையில் நிற்பது 18,750 ரூபாய். அவரவர் குடும்பச் செலவுக்கு ஏற்ப இந்த எண் மாறும். ஆனால் எட்டு மணியையும் கூலி நேரமாக எண்ணி, மாதத் தேவையை அதால் வகுத்து மணிக்கூலி வைப்பவர்கள் தங்கள் உழைப்பைத் தாங்களே குறைத்து விற்கிறார்கள்.

மும்மடங்கு முறையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே பொருளை நூற்றுக்கணக்கில் செய்யும் பட்டறையில் பொருள் செலவும் கூலியும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நிற்கும். அங்கே அது விரைவாகச் சொல்லக்கூடிய, பெரும்பாலும் சரியாக வரும் கணக்கு. ஆர்டர் வேலையில்தான் அது தடுமாறுகிறது.

தையலை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராக நுழைத்து இழுக்கிறோம். ஓர் இழை அறுந்தாலும் மற்றோர் இழை அதே துளைகளில் பிடித்து நிற்கும். மெஷின் தையலில் மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கவ்வுகின்றன. ஒன்று அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையலும் தளரத் தொடங்கும். பர்ஸில் 60 சென்டிமீட்டர் தையல் இருந்தால், நான்கு மில்லிமீட்டருக்கு ஒன்றாக 150 துளை. துளைக்கு 12 வினாடி என்றால் அரை மணி. தோள்பையில் நான்கு மீட்டர் தையல், ஆயிரம் துளை, மூன்று மணி இருபது நிமிடம். மெஷினில் இதற்கு அரை மணிகூட வேண்டாம். பையைக் கையாலேயே தைத்துத் தரச் சொன்னால் மணிக்கூலிக் கணக்கில் விலை ஏறக்குறைய 700 ரூபாய் கூடும். மும்மடங்குக் கணக்கில் கூடுதல் நூலுக்கான சில ரூபாயைத் தவிர எதுவும் கூடாது. என் அபிப்பிராயத்தில், நாள்தோறும் இழுபடும் வாருக்கும் பெல்ட்டுக்கும் கைத்தையல்தான் சரி. பைக்குப் பிடி சேரும் இடங்களில் மட்டும் கையால் தைத்து, மீதியை மெஷினுக்கு விடுவது வாங்குபவருக்கும் நல்லது.

தோலின் தேர்வும் நேரத்தை மாற்றுகிறது. ஆவாரம்பட்டை, வாட்டில் மரப்பட்டை, கடுக்காய் கொண்டு பதப்படுத்தும் முறை திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கத்தில் நெடுநாளாக இருந்துவருவது. இந்தத் தோல் விறைப்பாக நிற்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, மரக்கட்டையால் சூடேற உரசினால் அடுக்குகள் ஒன்றாகிக் கண்ணாடிபோல் மின்னும். கையில் புழங்கப் புழங்க நிறம் முதிரும். குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் மென்மையானது, மடிப்புக்கு இணங்குவது, நீருக்கும் வெப்பத்துக்கும் நன்றாகத் தாங்குவது. ஆனால் அதன் விளிம்பு உரசலுக்குப் பளபளக்காது. உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், அல்லது விளிம்புக்கான எட்ஜ் பெயின்ட்டை இரண்டு மூன்று பூச்சு பூசிக் காய விட வேண்டும். பெல்ட், வார், பர்ஸுக்கு மரப்பட்டையில் பதப்படுத்திய தோலையும் தளர்வான பைக்குக் குரோம் தோலையும் நான் தேர்ந்தெடுக்கிறேன். எந்தத் தோலானாலும் சதுர அடிக் கணக்கில் வாங்கும்போது வயிற்றுப் பக்கத்தின் தொய்வும், தழும்பும், உண்ணி கடித்த புள்ளிகளும் சேர்ந்தேதான் வருகின்றன. பெல்ட் முதுகுப் பகுதியிலிருந்தே வெட்டப்பட வேண்டும். ஆகவே அந்தக் கழிவையும் அடக்க விலையில் சேர்க்காமல் எந்தக் கணக்கும் நேராகாது.

கடையில் விற்கும் விலையைப் பார்த்து நம் விலையை வைப்பது மூன்றாவது வழி. தோல்தூளைப் பசையால் ஒட்டிச் செய்த பெல்ட்டும் 'அசல் தோல்' என்ற முத்திரையோடு தொங்கும் சந்தையில் அந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை. வாங்க வருபவர் எந்த விலையைப் பார்த்துப் பழகியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

மணிக்கூலி முறையில் எனக்கு இன்னும் சங்கடம் தரும் இடம் பேட்டர்ன். புதிய பைக்கு அட்டையில் வடிவம் வெட்டி, மலிவுத் துணியில் தைத்துப் பார்த்துத் திருத்த ஆறு மணிநேரம் போகிறது. அடுத்த முறை அதே பைக்கு அந்த நேரம் தேவையில்லை. முழுவதையும் முதல் ஆளின் தலையில் ஏற்றுவது முறையாகப் படவில்லை. எனவே அவர் மட்டும் கேட்கும் வடிவமானால் முழுக் கூலியும், மறுபடி விற்கக்கூடிய வடிவமானால் பாதியும் வாங்குகிறேன். பெயரின் முதலெழுத்தைப் பதித்த பர்ஸை வேறொருவருக்கு விற்க முடியாது என்பதால், அத்தகைய வேலைக்கு விலையில் பாதியை முன்பணமாகப் பெற்ற பின்பே தோலில் கத்தி வைக்கிறேன். எழுத்தின் அளவையும் இடத்தையும் தாளில் வரைந்து காட்டி ஒப்புதல் வாங்கும் கால் மணிநேரத்தையும் விலையில் சேர்த்துவிடுகிறேன்.