அம்பாசடர் அடிப்பெட்டி: ஒட்டா, வெட்டா, வேறு பாடியா?

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற அடிப்பெட்டியில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு. நல்ல தகடு ‘ணங்’கென்று திருப்பிச் சொல்லும். செத்த தகடு சத்தமில்லாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். உருவினால் முனையில் துருத்தூளோடு வண்டல் வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் முங்கிய வண்டி என்றால் வண்டலைக் கையால் அள்ளலாம். உவரி, மணப்பாடு, தூத்துக்குடி உப்பளக்கரை வண்டிகளுக்கு வெள்ளமே வேண்டாம், காற்று போதும்.

இந்த நிலையில் பட்டறையில் மூன்று யோசனை சொல்வார்கள்: துருவின் மேலேயே தகடு வைத்து ஒட்டு, அழுகியதை வெட்டிப் புதுத் துண்டு, வேறு பாடி அல்லது சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்). முதலில் வண்டி எந்த இனம் என்று பார்க்க வேண்டும். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, அடிப்பெட்டி, பில்லர், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. பழைய மகிந்திரா ஜீப்புக்கு ஏணி மாதிரி தனிச் சேசிஸ். ஸ்டாண்டர்டு ஹெரால்டு பார்க்க அம்பாசடருக்குத் தம்பி போல இருந்தாலும் அதற்கும் சேசிஸ் தனி.

ஒட்டு மலிவு, அரை நாளில் முடியும். ஆனால் அம்பாசடர் அடிப்பெட்டியில் அது வேலையே இல்லை, மூடாக்கு. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கிப் பழைய துரு வேகமெடுக்கும். வெல்டும் மெலிந்த ஓரத்தைத்தான் பிடித்திருக்கும். பள்ளம் ஏறி இறங்க இறங்க, வெல்டுக்குப் பக்கத்திலேயே கோடு போட்டாற்போலக் கிழியும். பட்டி தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் வாங்குகிறவனுக்கு அதுவும் தெரியாது. ஒட்டுக்கு நியாயம் உள்ள இடம் ஒன்றுதான்: துரு இல்லாத ஜீப் சேசிஸில் விழுந்த விரிசல். ஸ்டீயரிங் பெட்டி உட்காரும் இடத்திலும் ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்திலும் இது வரும். விரிசலின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, ‘வி’ வடிவில் தேய்த்து, உலர வைத்த 7018 வெல்டிங் ராடால் நிரப்பி, அதன் மேல் அதே கனத்தில் தகடு. தகட்டின் இரு தலையும் கூம்பாகச் சரிய வேண்டும். சதுரமாக வெட்டிக் குறுக்கே வெல்டு இழுத்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டில்தான். சேனலின், அதாவது சேசிஸின் நீள உத்திரத்தின், மேல் கீழ் விளிம்புகளில் துளையும் கூடாது, குறுக்கு வெல்டும் கூடாது.

வெட்டிச் சேர்ப்பதுதான் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் சரியான வைத்தியம். அதில் வெல்டிங்கை விட அளவுதான் பெரிய பாடு. சமதரையில் வண்டியை நிறுத்தி, கொத்தனாரின் டியூப் மட்டம் வைத்து நான்கு மூலையும் சமமாக்க வேண்டும். முன் சஸ்பென்ஷன் போல்ட், பின் ஸ்பிரிங்கின் முன் கண் ஆகிய இடங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் துருவைத் தொடுவதற்கு முன் கோணலை எடுக்க வேண்டும். கதவு இடைவெளிகளை எழுதிவைத்து, முன் பில்லருக்கும் நடு பில்லருக்கும் குறுக்கே 25 மி.மீ. சதுர டியூப் கட்டிவிட்டு, அதன்பின் கிரைண்டர். ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். டியூப் கட்டாமல் இரண்டு பக்கமும் அறுத்தால் வண்டி நடுவில் தொங்கும். பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

அம்பாசடரில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு: டார்சன் பார், முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி. அதன் பின் முனை முன்சீட்டுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தைப் பிடித்து முறுக்கேறி நிற்கிறது. அந்தச் சட்டம் அழுகியிருக்க, முறுக்கை இறக்காமல் வெட்டினால் லிவர் ஆளை அடித்துவிடும். பல் பொருந்தும் இடத்தில் சென்டர் பஞ்சால் குறி வைத்து, முறுக்கை இறக்கிக் கழற்ற வேண்டும். இடதை வலதில் போடக் கூடாது. கழற்றிய பாரை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. ஒரு பொறி ஒட்டிய தழும்பு போதும், பின்னொரு நாள் பார் அங்கே முறிய. பெட்ரோல் டாங்கி வெளியே, பேட்டரி இணைப்பு கழற்றி என்பதைப் பட்டறைக்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; ஆனாலும் சொல்லுங்கள்.

துருவைத் தாண்டி 25 முதல் 30 மி.மீ. வரை வெள்ளையாக மின்னும் நல்ல தகடு தெரிய வெட்டுங்கள். பழைய தகட்டின் நல்ல இடத்தை வெர்னியரால் அளந்து அதே கனம் போடுங்கள்: 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 16 என்றால் 1.6. ‘கனமாப் போட்டா உழைக்கும்’ என்பது தப்பு. கனமான துண்டு வளையாது, அதன் ஓரத்துப் பழைய தகடு கிழியும். ஜி.ஐ. (நாகம் பூசிய) தகடும் வேண்டாம், நாகப்புகை காய்ச்சல் கொடுக்கும், வெல்டும் பொத்தலாகும். பூச்சில்லாத சி.ஆர். தகடு போதும்.

பழைய வேலையில் வெல்டுக்குப் பதில் பித்தளையை உருக்கிப் பற்று வைத்திருந்தால், அந்த இடத்தைச் சுத்தமாக வெட்டி எறியுங்கள். பித்தளை ஊறிய இரும்பில் மிக் வெல்டு (கம்பி தானே ஊட்டப்படும் மின்வெல்டு) நிற்காது. வெல்டுக்கு 0.8 மி.மீ. கம்பியுடன் மிக் சிறந்தது. ஆர்க் இந்தத் தகட்டைப் பொத்தலாக்கும். கேஸ் நன்றாகச் சேர்க்கும், ஆனால் சூடு பரவி இழுத்துக் கோணலாக்கும். கம்பெனி ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் மேல்தகட்டில் 8 மி.மீ. துளையிட்டு, அதை நிரப்பும் அடைப்பு வெல்டு. விளிம்பில் 20 மி.மீ. தையலாக, இடம் மாற்றி மாற்றி. முதலில் இரண்டு கழிவுத் துண்டைச் சேர்த்து வைஸில் பிடித்துக் கிழித்துப் பாருங்கள். வெல்டு பொட்டு போலச் சுத்தமாகக் கழன்றால் சூடு போதவில்லை. தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தால்தான் வண்டியில் கை வைக்கலாம்.

அடியில் இருந்த 8–10 மி.மீ. வடிகால் துளைகளை அடைக்காதீர்கள். உள்ளே மெழுகு ஸ்பிரே. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், அடுத்த வெல்டிங்கில் தீயும் பிடிக்கும்.

வேறு பாடி என்பது, ஆக்சிடென்ட்டில் முன்சட்டம் மடிந்து கோணல் தீராதபோதுதான். வெறுமனே வளைந்தது நேராகும், சுருங்கிக் கசங்கியது நேராகாது. வேப்பமரத்தில் சங்கிலி கட்டி இழுக்கும் வழக்கத்தை விட, இரு முனையும் கட்டிப்பிடித்து 10 டன் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவது நல்லது. விட்டதும் திரும்பி வருவதால் அளவுக்குச் சற்று மேலே தள்ள வேண்டும். சங்கிலிதான் என்றால் மேலே ஈரச்சாக்கு போடுங்கள், அது நீளும் கோட்டில் யாரும் நிற்காதீர்கள்.

பாடி மாற்றத்தில் காகித வேலைதான் கழுத்தைப் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், சேசிஸ் எண்ணை வெட்டி ஒட்டினாலோ திரும்ப அடித்தாலோ வண்டியே சந்தேகத்துக்கு உள்ளாகும். 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘வின்டேஜ்’ என்று தனி ‘வி.ஏ.’ எண் தரும் 2021 விதியும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத மூல வடிவைத்தான் கேட்கிறது. ஜீப்புக்கும் ஹெரால்டுக்கும் சேசிஸ் மாற்றுவது எளிது, ஆனால் எண் சிக்கல் அங்கேயும் உண்டு. ஹெரால்டில் முதலில் அழுகுவது சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான். அவற்றை மட்டும் மாற்றலாம்.