டிஎஸ்3231 மாட்யூல்: மோட்டார் ரூமுக்கு வாங்கலாம், ஆனால் பேட்டரி போடும் முன் இதைப் படியுங்கள்

டிஎஸ்3231 என்பது கரண்ட் போனாலும் பட்டன் செல்லில் ஓடி மணியைக் காத்து வைக்கும் கடிகார சிப். வைஃபை எந்நேரமும் கிடைக்கிற வீட்டுக்குள் இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு) வைத்திருப்பவர்களுக்கு இந்த மாட்யூல் தேவையே இல்லை, காசு மிச்சம். நெட் வழியாக உலகப் பொது நேரத்தை (யுடிசி) சொல்லும் என்டிபி சர்வரிடம் நேரம் கேட்டு 19800 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரம், கூட்டினால் நம்ம மணி வந்துவிடும், கோடையில் கடிகாரத்தை மாற்றி வைக்கிற வேலையெல்லாம் நமக்குக் கிடையாது, மணிக்கு ஒரு தடவை அதுவே சரிபார்த்துக்கொள்ளும்.

நான் வாங்கியது உசிலம்பட்டிப் பக்கம் சித்தப்பா வைத்திருக்கும் மல்லித் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு. அங்கே கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். நெட் என்று பார்த்தால் ஒரு பழைய போனின் ஹாட்ஸ்பாட், அதுவும் சித்தப்பா மறக்காமல் சார்ஜ் போட்டிருந்தால்தான்.

இந்த மாதிரி இடத்தில் என்ன சிக்கல் என்றால், கரண்ட் போய் வந்ததும் இஎஸ்பி32 தன் நேரத்தை 1970 ஜனவரி 1, பூஜ்ஜியம் மணியிலிருந்து தொடங்குகிறது. நாம்தான் 19800 விநாடி கூட்டச் சொல்லியிருக்கிறோமே, அதனால் நெட் கிடைக்கும்வரை அதன் கணக்கில் மணி காலை 5:30. சொட்டுநீருக்குக் காலை ஐந்தரைக்கு மோட்டார் ஓட வேண்டும் என்று எழுதியிருந்தால், கரண்ட் மத்தியானம் வந்தாலும் சரி, ராத்திரி பதினொன்றுக்கு வந்தாலும் சரி, மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். ஆண்டு 2024க்குக் கீழே இருந்தால் ரிலேவை (மோட்டாரைப் போடும் சுவிட்சை) தொடாதே என்று ஒரு வரி சேர்த்தால் தப்பான நேரத்தில் ஓடாது, ஆனால் சரியான நேரத்திலும் ஓடாது. அதற்குத்தான் பேட்டரியோடு ஒரு தனிக் கடிகாரம்.

டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டபோது கடைத் தம்பி, "அண்ணே, டிஎஸ்1307 இருக்கு, விலை கம்மி, அதுவும் இதே வேலைதான்" என்றார். இதே வேலை இல்லை. 1307க்கு 5 வோல்ட் வேண்டும், இஎஸ்பி32 இருப்பது 3.3 வோல்ட்டில். அதைவிடப் பெரிய விஷயம் வெயில். இந்தக் கடிகாரங்களில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியை ஒட்டித்தான் ஒழுங்காக ஓடும், சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகிவிடும். சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அதனாலேயே ஒரு நாளைக்கு ஒரு விநாடிக்கு மேல் பின்தங்கும். டிஎஸ்3231 தன் சூட்டைத் தானே 64 விநாடிக்கு ஒரு தடவை அளந்து கிரிஸ்டலைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரிவரை பிழை பத்து லட்சத்தில் 2, அதாவது வருஷத்துக்கு ஒரு நிமிஷம்தான், அதற்கு மேல் சூட்டில் 3.5 ஆகும். போன் மணியோடு வைத்துப் பார்த்தேன், மாதக் கடைசியில் சில விநாடிதான் முன்பின் இருக்கிறது. மோட்டாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

சிப் முழு மார்க் வாங்குகிறது. போர்டுதான் மோசம். அந்த நீல நிற போர்டில் பட்டன் செல்லை சார்ஜ் செய்ய ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வைத்திருக்கிறார்கள், அது எல்ஐஆர்2032 என்ற ரீசார்ஜ் செல்லுக்கானது. நம்மில் பாதிப் பேர் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண சிஆர்2032 வாங்கிப் போட்டு 5 வோல்ட்டில் இணைப்போம். அதை சார்ஜ் செய்யவே கூடாது, உப்பும், ஒழுகும். ரீசார்ஜ் செல்லைப் போட்டாலும் நிம்மதி இல்லை, அதன் எல்லை 4.2 வோல்ட், இந்தச் சுற்று அதையும் தாண்டித் தள்ளும். 3.3 வோல்ட்டில் இணைத்தால் டயோடு தின்றது போக மிஞ்சுவது செல்லின் வோல்ட்டைவிடக் குறைவு, சார்ஜே ஏறாது. நான் கண்ணாடி டயோடு பக்கத்தில் 201 என்று எழுதியிருக்கும் அந்தக் கடுகு சைஸ் ரெசிஸ்டரை சால்டரிங் அயர்னால் தட்டி எடுத்துவிட்டு சிஆர்2032 போட்டேன். பேட்டரியில் ஓடும் கருவி என்றால் பவர் எல்இடியையும் எடுத்துவிடுங்கள், வீணாக எரிந்துகொண்டிருக்கும்.

புரோகிராமில் ஒரு விஷயம். கடிகாரத்தின் ஓட்டம் எப்போதாவது நின்றிருந்தால் சிப் தனக்குள் ஒரு அடையாளக் கொடியைத் தூக்கி வைக்கும், ஆர்டிசிலிப் நூலகத்தில் லாஸ்ட்பவர் என்று கேட்டால் சொல்லும். அதைக் கேட்காமல் மணியை நம்பக் கூடாது. நிறைய வீடியோக்களில் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்த (தயார் செய்த) நேரத்தைக் கடிகாரத்தில் எழுதும் வரியை நிபந்தனை இல்லாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் கடிகாரம் அந்தப் பழைய நேரத்துக்கே போய் நிற்கும், அப்புறம் மாட்யூல் சரியில்லை என்று ஒரு ஸ்டார் கொடுப்பார்கள். ஹாட்ஸ்பாட் கிடைக்கும்போது என்டிபி நேரத்தை வாங்கி இதில் எழுதி வைப்பதுதான் நல்ல வழி, அதையும் யுடிசியாகவே எழுதி, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டுங்கள்.

விலை முன்னூறு ரூபாய்க்குள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் சிப் மட்டும் வாங்கினாலே இதைவிட அதிகம் ஆகும், அதனால் மேலே இருக்கும் எழுத்தை முழுசாக நம்பத் தேவையில்லை. எட்டுக் கால் சிப் வந்தால் அது எம் வகை, உள்ளே குவார்ட்ஸ் கிரிஸ்டலே இருக்காது, பிழை பத்து லட்சத்தில் 5. தோட்டத்துக்கு அதுவும் போதும்தான், ஆனால் கிரிஸ்டல் உள்ள எஸ்என் வகைக்கான காசைக் கொடுத்து அதை வாங்காதீர்கள், கடையிலேயே கவரைப் பிரித்துக் காலை எண்ணிவிடுங்கள்.