'சிக்'கா, 'இல்'லா? உடம்பு சரியில்லை என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது

லண்டன் ஆஸ்பத்திரி வார்டு. 'ஐ வாஸ் சிக் ட்வைஸ் லாஸ்ட் நைட்' என்கிறார் நோயாளி. நம் ஊரில் படித்துவிட்டுப் போன நர்ஸ் அதை 'ராத்திரி உடம்பு சரியில்லை' என்று குறித்துக்கொண்டால் வந்தது வினை. அவர் சொன்னது, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன் என்று. பிரிட்டனில் 'பீ சிக்' என்றால் பெரும்பாலும் வாந்திதான், 'ஃபீல் சிக்' என்றால் குமட்டல். காய்ச்சலில் படுத்திருந்ததைச் சொல்ல அங்கே 'ஐ வாஸ் இல்' என்பதுதான் குழப்பம் தராது.

அமெரிக்காவில் ஜலதோஷத்திலிருந்து எல்லாவற்றுக்கும் 'சிக்' போதும். 'இல்' என்றால் நோய் கொஞ்சம் பெரிதோ என்று எதிரில் இருப்பவர் கவலைப்படுவார். குமட்டல் என்றால் 'சிக் டு மை ஸ்டமக்' என்று வயிற்றையும் சேர்த்துச் சொல்வார்கள். நோய்க்கு 'சிக்' என்பதை அமெரிக்கர்களின் கொச்சை என்று தள்ளுவது தப்பு. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்' என்று நம் பைபிளில் வரும் இடத்தில் 'ஐ வாஸ் சிக்' என்றுதான் இருக்கிறது. 'சிக்' பழைய ஆங்கிலச் சொல், நோய் என்பதே அதன் பழைய பொருள்.

'இல்' ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் 'கெட்ட' என்று பொருள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இன்றும் அந்தப் பொருள்தான் தலைதூக்கும்: 'இல் லக்' துரதிர்ஷ்டம், 'இல் வில்' பகைமை. அதனால்தான் நோயுற்ற குழந்தையை 'சிக் சைல்ட்' என்கிறார்கள், 'இல் சைல்ட்' காதில் இடறுகிறது. 'தி சைல்ட் இஸ் இல்' சரி. முன்னால் ஒரு அடைமொழி சேர்ந்தால் 'எ சீரியஸ்லி இல் சைல்ட்' கூடச் சரிதான். 'கிரிட்டிக்கலி', 'மென்டலி', 'டெர்மினலி' போன்றவையும் 'இல்'லோடுதான் இயல்பாக ஒட்டும்.

லீவு விஷயத்தில் சண்டையே இல்லை. 'சிக் லீவ்', 'சிக் பே' இரண்டு நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலோ தொழிற்சாலையே 'சிக்' ஆனதுண்டு. நலிந்த கம்பெனிகளுக்காக 1985-இல் போட்டு, 2016-இல் நீக்கிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது.

அப்புறம், லீவ் லெட்டரில் 'சிக் ஆஃப் ஃபீவர்' என்று எழுதிவிடாதீர்கள். காய்ச்சல் அலுத்துப்போய்விட்டது என்று அர்த்தமாகிவிடும். 'சிக் வித் எ ஃபீவர்' என்று எழுதுங்கள். பிரிட்டிஷ் மேனேஜர் என்றால் 'இல் வித் எ ஃபீவர்'.