புழுவின் பல்லை எண்ண வாங்கிய நுண்ணோக்கி

தொண்டிக் கடற்கரைச் சேற்றில் கிடைக்கும் பாலிகீட்டா எனும் முள்மயிர்ப் புழுக்களைச் சிற்றினம் வரை அடையாளம் காணவேண்டி, காரைக்குடியில் ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், 10 முதல் 40 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்றை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. “புழு பார்க்க இதுவே போதும் சார்” என்றார் கடைக்காரர். அது பாதி உண்மை.

வில்லைகளில் குறை சொல்ல எதுவுமில்லை. நீரிஸ் குடும்பத்துப் புழுவொன்றின் தலையை 20 மடங்கில் பார்த்தால் இரண்டு உணர்கொம்புகள், பால்ப்பு எனும் தடித்த தொடுவுறுப்புகள் இரண்டு, நான்கு கண்கள் ஆகியவை தெளிவாகத் தெரிகின்றன; குடும்பத்தை உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும். பேரினத்துக்குத் தொண்டையைப் பார்க்க வேண்டும். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவிட்ட புழுவைத் தலைக்குப் பின்னே இடுக்கியால் மெல்ல அழுத்தினால், சட்டைக் கையைப் புரட்டியதுபோலத் தொண்டை வெளியே வரும். நுனியில் இரண்டு தாடைகளும், அவற்றுக்குக் கீழே தேன்நிறத்தில் பாராக்நாத் எனும் நுண்பற்களும் இருக்கும். இப்பரப்பை எட்டுப் பகுதிகளாக எண்ணிட்டிருக்கிறார்கள். ஆறாம் பகுதியில் கூம்புப் பற்களுக்குப் பதிலாகப் பட்டை வடிவப் பற்கள் இருந்தால் அது பெரினீரிஸ் எனும் பேரினம். அப்பட்டை பக்கத்துக்கு ஒன்றா, பல குட்டைப் பட்டைகளின் வரிசையா என்பது அடுத்த கேள்வி. இதையெல்லாம் 40 மடங்கில் ஐயமின்றி எண்ண முடிந்தது.

ஆனால் கருவியோடு வந்த மேல்விளக்கு ஈரமான புழுவின்மேல் பளீரென்று அடித்து, எண்ண வேண்டிய பற்களையே மறைத்துவிடுகிறது. மேடைக்கு வெள்ளைத் தட்டு மட்டுமே தந்தார்கள். வெளிறிய புழுவுக்குக் கறுப்புப் பின்புலம் இன்றியமையாதது. வளவில் உடைந்து கிடந்த கறுப்பு ஆத்தங்குடித் தளக்கல்லின் சில்லு ஒன்றைப் பெட்ரிக் கிண்ணத்தின் அடியில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். கண்ணாடிமேல் வார்த்தெடுக்கும் கல் என்பதால் அதன் வழவழப்பில் சொரசொரப்பின் நிழல் விழுவதில்லை.

சிற்றினத்தை முடிவுசெய்ய இக்கருவி உதவாது. பக்கக்கால் ஒன்றை வெட்டி, கிளிசரினில் வைத்து, அதிலுள்ள சீட்டா எனும் முள்மயிர்களின் நுனி நீண்ட ஊசியா, குட்டைக் கொக்கியா என்று பார்ப்பதற்கு 400 மடங்குள்ள கூட்டு நுண்ணோக்கி வேண்டும். அதற்காக நான் கல்லூரி ஆய்வகத்துக்குத்தான் போகிறேன். அதன்பிறகும் அவசரப்படக் கூடாது. ஆறாம் பகுதியில் பக்கத்துக்கு ஒரு பட்டை கண்டதும் பெரினீரிஸ் கல்ட்ரிஃபெரா என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. 1840-இல் குரூபே என்பவர் மத்தியதரைக் கடல் புழுவுக்கு வைத்த பெயர் அது. அதன்கீழ் பல சிற்றினங்கள் மறைந்திருப்பதாக இன்று கருதுகிறார்கள். ஆகவே மரபணு ஆய்வுக்கென ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் எத்தனாலில் எடுத்துவைப்பது நல்லது.

மூன்றாம் மாதம் குவியத் திருகு தளர்ந்து, குழல் தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது. பழுது பார்த்துத் திரும்ப ஆறு வாரமாயிற்று, பணம் வாங்கவில்லை. குடும்பம், பேரினம் வரை பிரிப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கறுப்புத் தட்டை வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லி ஐந்து மாதங்கள் ஆகின்றன.