ஹட்டனில் ஒரு தேநீர்க் கடையும் ஸ்பர்ஸ் அணியின் பதினான்காவது தெரிவும்

ஹட்டன் நகரில் இருந்து டிக்கோயாப் பக்கமாகச் செல்லும் வீதியில், பெயர்ப்பலகை இல்லாத சிறிய தேநீர்க் கடை ஒன்று இருக்கிறது. மற்ற நாட்களில் அது பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பிளேன்டி குடித்துவிட்டுப் போகும் இடம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் மாத இறுதியில், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரின் டிராஃப்ட், அதாவது அணிகள் புதிய வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தெரிவு செய்யும் நிகழ்வு, நடக்கும் நாளில், அந்தக் கடை அதிகாலை ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டு எங்களுக்காகக் கதவைத் திறக்கிறது. நியூயோர்க்கில் இரவு எட்டு மணிக்கு அது தொடங்கும்போது நமக்கு விடிகாலை ஐந்தரை. 2025 ஜூன் 26ஆம் திகதி, வியாழக்கிழமை, நான் அங்கே மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். சாப்பாட்டுக்காகப் போக நினைப்பவர்களுக்கும், ஒரு அணியின் தெரிவுகளை நான்கு பேருடன் உட்கார்ந்து எடை போட விரும்புபவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கூட்டம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ரசிகர் கூட்டம். கட்டாரில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒருவர்தான் இதற்கு வித்திட்டவர். இப்போது வயது அறுபத்தொன்று, எல்லோருக்கும் அவர் மாமா. அணியின் பழைய நட்சத்திரம் டிம் டங்கன் விளையாடிய காலத்தில் இருந்து பார்த்து வருபவர். 1999ஆம் ஆண்டு மொத்தம் 58 பேர் தெரிவான டிராஃப்டில் 57ஆவதாக எடுக்கப்பட்ட மனு ஜினோபிலி பின்னர் அந்த அணியுடன் நான்கு கிண்ணங்களை வென்ற கதையையும், 2001இல் 28ஆவதாக வந்த டோனி பார்க்கரின் கதையையும் அவர் சொல்லித்தான் எங்களில் பலர் இந்த அணிக்குள் வந்தோம்.

கடையின் சிறப்பு அதன் சி.ஆர். கொப்பி. கடன் கணக்கு எழுதும் கொப்பியைப் போன்ற அதே நீல அட்டைக் கொப்பிதான். ஆனால் இது கல்லாவின் கீழே தனியாக இருக்கிறது. ஒரு தெரிவு அறிவிக்கப்பட்டவுடன் கடைக்கார அண்ணன் அதை மேசையில் வைப்பார். ஒவ்வொருவரும் தம் பெயருக்கு நேரே, சாதாரணதரப் பரீட்சையில் போடுவது போல ஏ, பி, சி, எஸ், டபிள்யூ (ஏ மிகச் சிறப்பு, எஸ் வெறும் சித்தி, டபிள்யூ தோல்வி) என்று ஒரு தரத்தையும், ஏன் என்று ஒரு வரியையும் எழுத வேண்டும். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. முதல் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் ஐந்து நிமிட அவகாசம் என்பதால், அடுத்த பெயர் வருவதற்குள் இதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. உரத்துப் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும் வழக்கம் இந்தக் கடையில் இல்லாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் தொலைக்காட்சியைப் போடும் முன் அண்ணன் 2024ஆம் ஆண்டின் பக்கத்தைத் திறந்து வாசித்தார். அந்த ஆண்டு ஸ்பர்ஸ் நான்காவதாக எடுத்தவர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபோன் காஸில். பல்கலைக்கழக ஆட்டங்களில் மூன்று புள்ளி எறிதல்களில் அவர் 26.7 சதவீதமே போட்டிருந்தார். கடையில் இருந்த பதினொரு பேரில் ஆறு பேர் எஸ், மூன்று பேர் சி, ஒருவர் டபிள்யூ. நானும் எஸ் போட்டவன். 'எறியத் தெரியாத காவலர் வெம்பன்யாமாவுக்கு இடைஞ்சல்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. காவலர் என்றால் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் 'கார்ட்'; வெம்பன்யாமா எங்கள் அணியின் நெட்டை நட்சத்திரம். ஒரே ஒரு ஏ. அது கடையில் தேநீர் ஊற்றும் தம்பி போட்டது. 'தடுக்கத் தெரிந்தவன். எறிவதைப் பழக்கலாம்' என்று எழுதியிருந்தான். காஸில் அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். அண்ணன் வாசித்து முடித்ததும் தம்பி ஒன்றும் சொல்லாமல் எனக்கு முன்னால் இஞ்சி பிளேன்டியை வைத்துவிட்டுப் போனான். அந்தப் பக்கத்தைக் கேட்ட பிறகு இந்த முறை பேனாவை எடுக்கும்போது எனக்கு உண்மையிலேயே கை தயங்கியது.

அதே ஆண்டில் எட்டாவது தெரிவான ராப் டில்லிங்ஹாமை மினசோட்டாவுக்குக் கொடுத்து, அந்த அணியின் 2031ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தெரிவையும், 2030இல் தெரிவு இடத்தை அதனுடன் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் ஸ்பர்ஸ் வாங்கியது. அதற்கு மாமா தரம் போடவில்லை. 'அப்போது எனக்கு அறுபத்தேழு' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இனி 2025. தெரிவு வரிசைக்கான குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பே இருந்தும் முதலிடத்தைப் பிடித்த டாலஸ், கூப்பர் ஃப்ளாக்கை எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். இரண்டாவதாக ஸ்பர்ஸ் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலன் ஹார்ப்பரை எடுத்தது. ஷிக்காகோ, லேக்கர்ஸ் அணிகளுடன் ஐந்து கிண்ணங்களை வென்ற ரான் ஹார்ப்பரின் மகன், இடது கைக்காரர், வயது பத்தொன்பது. கொப்பியில் ஏ வரிசையாக விழுந்தது. நான் மட்டும் பி போட்டேன். ஆளின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெப்ரவரியில்தான் டி'ஆரன் ஃபாக்ஸை வாங்கினார்கள், காஸிலும் இருக்கிறார், மூன்று பேருமே பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துபவர்கள் என்பதால், யாருடைய நேரத்தைக் குறைத்து யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. 'திறமையை முதலில் எடு மகன், இடத்தைப் பிறகு தேடு' என்றார் மாமா. இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டு அதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்தால் அவர் சொன்னதே சரி.

உண்மையான விவாதம் பதினான்காவது தெரிவில்தான் நடந்தது. டிஜான்ட்டே மர்ரேயை 2022இல் அட்லாண்டாவுக்குக் கொடுத்ததில் கிடைத்த தெரிவு அது. அதில் எடுக்கப்பட்டவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கார்ட்டர் பிரையன்ட். அங்கே பெரும்பாலும் மாற்று வீரராகவே இறங்கியவர் என்பதால் பலர் சி போட்டார்கள். நான் ஏ போட்டேன். வெம்பன்யாமாவைப் போன்ற ஒருவர் வளையத்துக்குக் கீழே காவல் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் எதிராளியின் பெரிய முன்கள வீரரையும் தடுக்க வேண்டும், மூலையில் இருந்து மூன்று புள்ளியும் எறிய வேண்டும். பந்து தன் கையில் இல்லையே என்று ஏங்கக்கூடாது. பந்தைக் கேட்கும் கைகள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கும் அணிக்கு, பந்தைக் கேட்காமல் ஆடத் தெரிந்த ஒரு பையன் கிடைத்தது பெரிய விடயம். எங்களில் ஒரு ஆசிரியர் பாடசாலைக்கு நேரமாகிவிட்டதால் இந்தப் பெயர் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். பஸ்ஸில் இருந்து அழைத்து, தன் பெயருக்கு நேரே பி போடச் சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேங்காய் ரொட்டி மிலாறு (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) அடுப்பில், இரும்புத் தட்டில் சுடப்படுகிறது. ஓரம் கருகாமல் மொறுமொறுப்பாகவும், நடுவில் தேங்காய்ப்பூ பல்லில் படும்படி மெதுவாகவும் இருக்கிறது. பிட்டால் ஆவி வருகிறது. கட்டசம்பலில் மாசி தாராளம், உறைப்பு கண்ணில் நீர் வரவைக்கும் அளவு. வெளியே மழையும் பனியும் இறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கும் இஞ்சி பிளேன்டிக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பருப்புக் கறி மட்டும் தண்ணீராக இருந்தது. மூன்று ரொட்டி, சம்பல், இரண்டு பிளேன்டி எல்லாம் சேர்த்து 350 ரூபாய் கொடுத்தேன். இரண்டரை மணித்தியாலம் இடத்தைப் பிடித்து வைத்திருந்ததற்கு ஒரு சதம் கூட மேலதிகமாகக் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. தொலைக்காட்சி சிறியது, பலகாரக் கண்ணாடி அலுமாரிக்கு மேலே மாட்டியிருப்பதால் கேத்தலின் ஆவி திரையில் படிந்து, பின் வாங்கில் இருப்பவர்களுக்கு எழுத்துத் தெரிவதில்லை. மழை வலுத்தபோது இணைய இணைப்பு அறுந்து படம் நின்றுவிட்டது. நியூ ஓர்லியன்ஸ் ஏழாவதாக எடுத்தவரை மேடையில் பார்க்க முடியாமல் போனது. கழிவறை கடைக்குப் பின்னால், திறந்த வெளியைத் தாண்டி இருக்கிறது. வயதானவர்களுக்கு, குறிப்பாக ஜூன் மழையில், அது சிரமம். ஒரு தகரக் கூரையாவது போட்டால் நன்றாக இருக்கும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அட்டை வசதி இல்லை, காசாகக் கொண்டு போங்கள்.

இரண்டாம் சுற்று மறுநாள் அதே நேரத்தில் நடந்தது. அதற்கு நான்கு பேர்தான் போனோம். ஆனாலும் ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தது, ரொட்டிக்கு மா பிசைந்து வைத்திருந்தது, கொப்பியும் மேசையில் இருந்தது. அடுத்த ஜூனில் வர நினைப்பவர்கள், எத்தனை பேர் என்று முதல் நாளே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். தேங்காய் துருவுவதற்கு அவருக்கு அந்த இரவு தேவைப்படுகிறது.