சிங்கப்பூரில் மாத்திரை தீர்ந்துபோனால்

அம்மாவை மூன்று வாரத்துக்கென்று சிங்கப்பூர் அழைத்துப்போனேன். தம்பி விடவில்லை, ஆறு வாரமாயிற்று. நாலாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால் பிரஷர் மாத்திரை அட்டையில் இரண்டே இரண்டு பாக்கி. கடையில் வாங்கலாம், கிளினிக் போகலாம், ஊரிலிருந்து வருகிறவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாம். நாலாவது வழி, கிளம்பும்போதே கூடுதலாக எடுத்து வைத்திருக்கலாம். அது அப்போது கைவிட்டுப் போயிருந்தது.

முதலில் கால் போவது கடைக்குத்தான். கார்டியன், வாட்சன்ஸ் என்ற மருந்துக்கடைகள் இரண்டும் பெரும்பாலான மால்களில் உண்டு. லிட்டில் இந்தியா பக்கம் இருந்தால் முஸ்தபா என்ற பெரிய பல்பொருள் கடை. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்குக்கு இது போதும். டோலோ என்று கேட்காதீர்கள், பனடால் என்று கேளுங்கள். இரண்டும் பாராசிட்டமால்தான், ஆனால் சாதாரணப் பனடால் 500 மில்லிகிராம், 650 அல்ல. சில மருந்துகளை பார்மசிஸ்ட் இருந்தால்தான் தருவார்கள். அவர் கிளம்பிவிட்டால் கடை திறந்திருந்தும் பயனில்லை.

பிரஷர், சுகர், ஆன்டிபயாடிக் என்றால் கதையே வேறு. டாக்டர் சீட்டு வேண்டும், அதுவும் சிங்கப்பூரில் பதிவான டாக்டரின் சீட்டு. நான் நீட்டிய மதுரைச் சீட்டை பார்மசிஸ்ட் நிதானமாகப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம ஊர்ல காலி அட்டையைக் காட்டினாலே குடுத்துருவானேப்பா" என்றார் அம்மா. நம் ஊரிலும் சட்டப்படி சீட்டு வேண்டும்தான். கேட்பவர்தான் இல்லை.

அடுத்து, தம்பி வீட்டு பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருந்த கிளினிக். அங்கே டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவது குறைவு. பார்க்கிற கிளினிக்கிலேயே கவுண்டரில் மருந்தும் தந்துவிடுவார்கள். இந்திய பிராண்டு பெயர் டாக்டருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என்பதுதான் கைகொடுத்தது. பிரஷர் பார்த்து, இரண்டையும் தனித்தனி மாத்திரையாகக் கொடுத்தார். அரைமணியில் வேலை முடிந்தது. பில்லைத்தான் அம்மாவிடம் காட்டவில்லை. அந்தப் பணத்தில் ஊரில் பல மாதத்துக்கு வாங்கியிருக்கலாம். ஆனாலும், மாத்திரை தீர்ந்தபின் நேர்வழி இது ஒன்றுதான்.

கொடுத்தனுப்புவது செலவில்லாதது, நம்மவர்களுக்குப் பழகியது. அப்பளம், வடகத்தோடு மாத்திரையும் வரும். எனக்கு அதில் சம்மதமில்லை. மருந்து கொண்டுவர அந்நாடு இடம்தருவது பயணியின் சொந்த உபயோகத்துக்கு. "ஏர்போர்ட்ல கேட்டா யாருக்குன்னு சொல்றது?" என்று வரவிருந்தவர் போனில் கேட்டார். அத்தோடு அந்த யோசனையை விட்டேன்.

ஆக, என் ஓட்டு ஊரிலிருந்தே எடுத்துப்போவதற்கு. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். திரும்பும் தேதிக்கு மேல் இரண்டு வாரம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். கடைக்காரர் கத்தரித்துத் தரும் துண்டு அட்டை வேண்டாம். பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகும். முழு அட்டையாக வாங்கி, மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு வையுங்கள். தூக்க மாத்திரை, டயஸிபாம், கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் மட்டும் கவனம். இவற்றில் பலவற்றுக்கு அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் வீண். அதைவிடப் பெரிய சிக்கல் குப்பியில் இருக்கிறது. நம் கடைகளில் பரவலாக விற்பது ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பி, அதற்குச் சிவப்பு மூடி ஊசி. சிங்கப்பூரில் ஒரு மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி ஊசி. அங்கே வாங்கிய குப்பியில் நம் சிவப்பு மூடி ஊசியால் 10 யூனிட் கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 25 யூனிட். என் பெரியம்மாவின் பெட்டியில் குப்பியையும் ஊசியையும் ஒரே உறையில் போட்டு ரப்பர் பேண்டு கட்டியிருக்கிறேன். குப்பியை அங்கே வாங்க நேர்ந்தால் ஊசியையும் அங்கேயே வாங்க வேண்டும் என்று உறைமேல் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறேன்.